நாலாவது பொட்டி

தங்கசாமி வீட்டு ஸ்டீரியோ செட்டில் சத்தம் கூட்டுகிற திருகைச் சுற்றி ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டிருந்தது. நாலு வரைக்கும் பாட்டு ஒழுங்காகப் பாடும். ஐந்தைத் தொட்டதும் உள்ளே டக்கென்று ஒரு சத்தம், அதோடு பாட்டு நின்றுவிடும். கேசட் மட்டும் வெட்டிக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு நிமிஷம் சும்மா விட்டால் மறுபடி டக், மறுபடி பாட்டு. தங்கசாமி மறுபடி ஐந்துக்குத் திருகுவார். எண்பத்து மூணாம் வருஷக் கோடையில், ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, ஒரு மாசமாக அந்த வீட்டில் நடந்த விவசாயம் இதுதான்.

நாலில் வைத்துக் கேட்டால் என்ன குறைந்துபோகும் என்று அவர் மனைவி வசந்தாமணி முதல் வாரத்திலேயே கேட்டுப் பார்த்தாள்.

"நாலுல வெச்சுக் கேக்கறதுக்கு ரேடியோப் பொட்டியே போதுமே புள்ள. பத்து வரைக்கும் நம்பர் போட்டிருக்கறவன் கிறுக்கனா?"

"லாரியிலகூட நூத்தியிருவது வரைக்கும் நம்பர் போட்டிருக்குதுங்க. எந்நேரமும் நூத்தியிருவதுலயா போறீங்க?"

பதில் இல்லாத கேள்விக்கெல்லாம் தங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டார்.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே மூன்று மைலில் அவர்கள் விவசாயக் காடும் வீடும். தங்கசாமிக்குப் போர் போடுகிற ரிக்கு வண்டி இரண்டு. ஆந்திராவில் ஒன்றும் மத்தியப் பிரதேசத்தில் ஒன்றும் பூமியைக் குடைந்துகொண்டிருந்தன. வருஷத்தில் எட்டு மாசம் அவர் வண்டியோடு போய்விடுவார். ரிக்கு கத்துகிற கத்தில் பாதிக் காது போயிருந்தது. மீதிப் பாதியை யார் சொல்வதையும் கேட்காமல் பத்திரமாக வைத்திருந்தார். மழைக்கு முன்னால் ஊர் திரும்பியவர் மெட்ராசில் இறங்கி இந்தச் செட்டை வாங்கி வந்தார். கூட வந்தவை இரண்டு ஸ்பீக்கர்ப் பொட்டி. இரண்டையும் முன்கூடமான ஆசாரத்தில் கிழக்கு மூலையில் ஒன்று, மேற்கு மூலையில் ஒன்று என்று வைத்து, சந்தனம் தெளித்து, நடுவில் செட்டை ஸ்டூல் மேல் ஏற்றி, பச்சை வெல்வெட்டுத் துணியால் போர்த்தினார். மாட்டுக்குக்கூட மார்கழியில் சாக்கு போடுவதற்கு நேரம் இல்லாதவர்.

பத்து நாள் கழித்து, திருச்செங்கோட்டில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவனிடம் இன்னும் இரண்டு பொட்டி வாங்கி வந்து மொட்டை மாடியில் கட்டினார். மூன்றாவது பொட்டி தெருவைப் பார்த்து. நாலாவது பொட்டி வடக்கே, அவருடைய அண்ணன் ராசப்பன் வீட்டைப் பார்த்து.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று மூன்று வருஷம். இரண்டு காட்டுக்கும் நடுவில் ஒரு பங்குக் கிணறு. தங்கசாமி தன் பங்கில், கிணற்றிலிருந்து இருபதடி தள்ளி, சொந்த ரிக்கை நிறுத்தி ஐந்நூறு அடிக்குப் போர் போட்டார். தண்ணீர் பனைமர உசரத்துக்குப் பீச்சியடித்தது. இரண்டாம் மாசம் கிணறு வறண்டது. போர் கிணற்றைக் குடித்துவிட்டது என்றார் ராசப்பன். மழை பேயவில்லை என்றால் கிணறு வறளாமல் பாலா ஊறும் என்றார் தங்கசாமி. வசந்தாமணிக்கு அது பழைய கதை. மூன்று வருஷத்துக் கோபம் இந்நேரம் ஆறித்தான் போயிருக்கும், ஆறவிடாமல் ஊதுவது இந்த நாலாவது பொட்டிதான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அவளுக்கு ராசப்பன் வீட்டில் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. ஒரே மகன் வெள்ளியங்கிரிக்கு வைகாசியில் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ புதுச்சேலை கட்டிப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவளைத் தாண்டித்தான் வீட்டுக்கு மருமகள் வர முடியும். கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி மகள் நிற்கலாம். வசந்தாமணிக்குப் பெண் இல்லை. ராசப்பனின் மகள் சௌந்திரம் இருந்தாள். அவளைப் பெற்ற முத்தாயம்மாள் விஷக்காய்ச்சலில் மூன்று மாசம் கிடந்தபோது, கைக்குழந்தையாக இருந்தவளை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள் வசந்தாமணி. அந்தப் பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் வேறொருத்தி நிற்பதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நீங்க போயி ஒரு வார்த்தை கேட்டாத் தேஞ்சா போயிருவீங்க?" என்றாள்.

"நான் எதுக்குப் போவோணும்? சங்ககிரியில ராமாயி மவ இருக்கறா. அவளும் பங்காளி மவதான்."

"எம் பையன் மூஞ்சிய ஒருக்காகூடப் பாக்காத புள்ளைங்க அது."

"இணைச்சீருக்கு நிக்கறதுக்கு மூஞ்சி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு ஐந்துக்குத் திருகினார். டக்.

பாட்டு நின்ற மறுநிமிஷம் வடக்கு வீட்டில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. தங்கசாமியின் முகம் சுண்டிவிட்டது. பாட்டு நிற்பதைவிட அந்தச் சிரிப்புத்தான் அவரை அரித்தது. கல்யாணத்துக்குள் செட்டைச் சரிபண்ணிப் பத்தில் வைத்துப் பாட வைக்காவிட்டால் தன் பேர் தங்கசாமி இல்லை என்றார். வேறு எதற்காவது இப்படிச் சபதம் எடுத்திருந்தால் குடும்பம் உருப்பட்டிருக்கும்.

முதலில் வந்தவன் குமாரசாமி. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். கருகிய மோட்டாரை மோந்து பார்த்தே எத்தனை குதிரைச் சக்தி என்று சொல்லுவான். அதே மூக்கால் செட்டையும் மோந்தான்.

"கரண்ட்டு பத்தலைங்க. ஊர்ல அத்தன பேரும் மோட்டார ஓட்டறாங்க. இதுக்கு எங்க இருந்து வரும்?"

தங்கசாமி அதைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் அஞ்சிலிருந்து அரைமணி நேரம் எல்லோரும் மோட்டாரை நிறுத்திவைத்தால் செட்டைச் சோதித்துவிடலாம் என்று காடு காடாகப் போய்க் கேட்டார். ஆறு மணி நேரம் வருகிற மும்முனைக் கரண்ட்டில் குச்சிக்கிழங்கைக் காப்பாற்ற ஊர் நாக்கைத் தள்ளிக்கொண்டிருந்த நேரம். பக்கத்துக் காட்டுச் சின்னண்ணன் மடை மாற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப, பயிரு காஞ்சாலும் பரவால்ல, பாட்டு நிக்கக் கூடாதுங்கறீங்க."

"அரைமணி நேரந்தானுங்க மாமா."

"நிறுத்தறேன் மாப்ள. அந்த அரைமணி நேரத்துக்கு உங்க பாட்டையே மடை திருப்பி எங்காட்டுக்கு உடுங்க."

ஒருவரும் நிறுத்தவில்லை. அடுத்த நாள் தங்கசாமி லாரியில் வெல்டிங்குக்காக வைத்திருந்த ஜெனரேட்டரை இறக்கி வாசலில் ஓடவிட்டார். அது போட்ட சத்தத்தில் பாட்டு பாடுகிறதா இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை. அணைத்த பிறகுதான் அது எப்போதோ நின்றுபோனது தெரிந்தது. புகையில் கட்டுத்தரை மாடுகள் இருமின. மூன்றாம் நாள் செட்டுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். கண்ணுப் பட்டுவிட்டதாம். ஊரில் யார் கண் இதன்மேல் படும் என்று வசந்தாமணிக்கு விளங்கவில்லை. மோட்டாரைத் தவிர வேறெதையும் யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கடைசியில் சூரமங்கலத்தில் ரேடியோ கடை வைத்திருந்த சென்றாயனுக்கு ஆள் போயிற்று. காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். ஒல்லியான ஆள், தோளில் ஒரு பை, முகத்தில் எதையும் நம்பாத ஒரு களை. செட்டைப் பார்ப்பதற்கு முன்னால் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். பிறகு வெல்வெட்டைப் பார்த்தான்.

"இந்தச் சால்வைய யாரு போத்துனதுங்க?"

"தூசி விழுகாம இருக்கட்டும்னு" என்றார் தங்கசாமி.

"சூடு போறதுக்குத்தான் மேல ஓட்டை உட்டிருக்கான். நீங்க கம்பளி போத்திப் படுக்க வெச்சிருக்கீங்க. சித்திரை மாசத்துல."

துணியை எடுத்து மடித்து வசந்தாமணியிடம் கொடுத்தான். செட்டு ஆறட்டும் என்று கால்மணி நேரம் உட்கார்ந்து மோர் குடித்தான். பிறகு ஐந்துக்குத் திருகினான். டக். அவன் வருத்தப்படவில்லை. பையிலிருந்து மீட்டரை எடுத்துக் கரண்ட்டை அளந்தான்.

"கரண்ட்டு கொஞ்சம் கம்மிதான். ஆனா நிக்கற அளவுக்குக் கம்மி இல்ல. கரண்ட்டு பத்தலைன்னு சொன்னது யாரு?"

"மோட்டாருக்காரன்."

"அவரு மோட்டாரப் பாக்கட்டும்."

செட்டைத் திருப்பி, பின்னால் ஒயர்கள் சேருகிற இடத்தைக் குனிந்து பார்த்தான். பிரி பிரியான கம்பி ஒன்றையொன்று தொட்டால்கூட இப்படி நிற்கும் என்று ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்தான். எண்ணினான். இன்னொரு தரம் எண்ணினான்.

"பொட்டி எத்தனைங்க?"

"நாலு" என்றார் தங்கசாமி. நாலு காணி நிலம் என்கிற மாதிரி இருந்தது அவர் சொன்னது.

"இது ரெண்டு பொட்டிக்குப் பண்ண செட்டு. பக்கத்துக்கு ஒண்ணு. பின்னாடி எழுதியே வெச்சிருக்கான்."

"எழுதியிருக்கறது இங்கிலீசுலயல்ல?"

"ரெண்டுங்கற நம்பரு எல்லாப் பாஷையிலயும் ரெண்டுதானுங்க." சென்றாயன் மாடிக்குப் போகிற ஒயர் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திருகச் சொன்னான். ஐந்து. ஆறு. எட்டு. பத்து. பாட்டு கூரையைத் தூக்கியது. மூலையில் இருந்த பித்தளைக் குடம் அதிர்ந்தது. நிற்கவில்லை. அவன் ஒயரை மறுபடி தொட வைத்தான். டக்.

"ரிக்கு ஓட்டறீங்களாமா?"

"ரெண்டு வண்டி."

"ஒரு கம்ப்ரசருல ரெண்டு ரிக்கு ஓட்டுவீங்களா?"

"எவனாவது ஓட்டுவானா? காத்துப் பத்தாது. கம்ப்ரசரு சூடாகி நின்னு போயிரும்."

"அதான் இது. மெல்ல ஓட்டுனாச் சமாளிக்குது. முடுக்குனா, வெந்து போறதுக்கு முன்னால தானா நிறுத்திக்குது. செட்டுல ஒரு கோளாறும் இல்ல. செட்டுக்கு உங்களவிடப் புத்தி இருக்குது, அவ்வளவுதான். ரெண்டு பொட்டியக் கழட்டிருங்க, சரியாப் போயிரும்."

வசந்தாமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெல்வெட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாசமாக அவள் நினைத்ததை ஒரு வெளியாள் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டான். மாடிப் பொட்டி இரண்டும் இறங்கிவிடும், அண்ணன் வீட்டுப் பக்கம் சத்தம் போகாது, நாளைக்கே போய்ச் சௌந்திரத்தைக் கேட்டுவிடலாம். சென்றாயனுக்கு அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் தயிருமாக வயிறு முட்டப் போட்டாள்.

"நெய்யி போதுமுங்க அம்மா. இவ்வளவு நல்ல சோத்தச் சாப்பிட்டுக்கிட்டு இவருக்கு எதுக்குங்க நாலு பொட்டி?" என்றான் அவன்.

"அதைத்தான் நானும் கேக்கறனுங்க" என்றாள்.

அவன் கை கழுவிவிட்டு வருவதற்குள் தங்கசாமி ஆசாரத்துப் பொட்டி இரண்டையும் கழற்றி அட்டாலிப் பரணுக்கு ஏற்றியிருந்தார். மாடிப் பொட்டி இரண்டும் மாடியிலேயே இருந்தன, அவற்றின் ஒயர் மறுபடி செட்டில் ஏறியிருந்தது. சென்றாயன் கழற்றிய ஒயரையும் தங்கசாமியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஊட்டுக்குள்ளாரக் கேக்க வேண்டாமுங்களா?"

"ஊட்டுக்குள்ளார ஆரு இருக்கறா கேக்கறதுக்கு?" என்றார் தங்கசாமி.

சென்றாயன் வசந்தாமணியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனான். அதற்கு மேல் அந்த வீட்டில் அவனுக்குச் சரிபண்ண ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் செட்டு பத்தில் பாடியது. எருமை பால் சொரிய மறுத்தது. முன்னாவது அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் நின்று, வடக்கு வீட்டுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இப்போது அதுவும் இல்லை. வீட்டுக்குள் இருப்பவளுக்குப் பாட்டு இல்லை, வெறும் கூரை அதிர்ச்சிதான். ஐந்நூறு அடி ஆழத்துக்குப் பூமியைத் துளைக்கத் தெரிந்தவருக்கு அரை அடி மண்டைக்குள் எதையும் இறக்க முடியவில்லையே என்று அவள் பல்லைக் கடித்தாள். இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு கேவலமாக அவரை அவள் நினைத்ததில்லை.

மறுநாள் காலையில் அவர் சவரம் பண்ண மல்லசமுத்திரம் போன நேரம் பார்த்து, வசந்தாமணி மாடிக்கு ஏறினாள். அரிவாளால் கயிற்றை அறுத்து, ஒயரைப் பிடுங்கி, நாலாவது பொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். ஊரார் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தாள். சும்மாடுகூடக் கூட்டாமல் வடக்கு வீட்டு வாசலுக்குப் போனாள். மூன்று வருஷம் கழித்து.

"வாம்மிணி" என்றாள் முத்தாயம்மாள். எதிரி வந்தாலும் வா என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வாவுக்கு அதற்கு மேல் அர்த்தம் இல்லை. ராசப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த பெரிய சிமெண்டுத் தொட்டிக்குள் கோழி அடை கிடந்தது.

வசந்தாமணி பொட்டியை இறக்கி வைத்தாள். "கழட்டிட்டனுங்க அக்கா. இனிமே இந்தப் பக்கம் சத்தம் வராது."

"எது?"

"மாடியில கட்டியிருந்ததுங்க. உங்க ஊட்டப் பாத்து."

ராசப்பன் கயிற்றை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அதுனால எங்குளுக்கு என்ன நட்டம்? சௌந்திரம் ஓசியில பாட்டுக் கேட்டுக்கிட்டே ஏனங் கழுவுவா. நடுவுல நடுவுல நின்னு போறதுதான் எடஞ்சலா இருந்துது. நேத்துப் பொழுதோட நல்லாப் பாடுச்சு."

ஒரு மாசமாக ஊதிப் பெருக்கி வைத்திருந்த ஞாயம் காலுக்குக் கீழே சப்பென்று போய்விட்டது. ஆனாலும் வந்த காரியத்தைச் சொன்னாள். "சௌந்திரத்த இணைச்சீருக்கு அனுப்பி வெக்கோணுமுங்க மாமா. அவ எம் புள்ளைங்க. வேற ஆரையும் அந்த எடத்துல நிறுத்த எனக்கு மனசு வல்லீங்க."

"அனுப்பறேன்" என்றார் ராசப்பன் உடனே. "ஒண்ணே ஒண்ணு. உங்க போருல இருந்து இந்தத் தொட்டிக்கு ஒரு பைப்பு. தெனமும் ஒரு மணி நேரம் உடு. குடிக்கறதுக்கு, மாட்டுக்கு, இந்த நாலு தென்னைக்கு. காட்டுக்குக் கேக்கல."

"அது வந்துங்க..."

"அவங்கிட்ட நான் கேக்க மாட்டேன். உன்னையத்தான் கேக்கறன். அவன் எட்டு மாசம் ஊர்ல இல்ல. கரும்புக்கு எத்தன மணிக்கு, வாழைக்கு எத்தன மணிக்குன்னு மடை திருப்பறது நீ. மோட்டாரு சாவி உன்ற இடுப்புல இருக்குது. மூணு வருசமா இருக்குது."

சாவி இடுப்பில்தான் இருந்தது. வசந்தாமணி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கரண்ட்டு ஆறு மணி நேரம். கரும்புக்கு நாலு, வாழைக்கு ஒன்றரை, மாட்டுக்கும் வீட்டுக்கும் மீதி. ஒரு மணி நேரம் என்றால் கரும்பில் பத்துப் பாத்தி காயும். இந்தக் கோடையில் பத்துப் பாத்தி. வாயைத் திறந்தாள். சரியென்று சொல்லத்தான் திறந்தாள்.

"அவியளக் கேட்டுச் சொல்றனுங்க" என்று வந்தது.

முத்தாயம்மாள் பொட்டியைப் பார்த்தாள். பிறகு வசந்தாமணியைப் பார்த்தாள். "இதக் கழட்டறதுக்கு அவியளக் கேட்டயா?"

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியிலிருந்து சௌந்திரம் இரண்டு குடங்களோடு வந்தாள். அரை மைல் தள்ளி இருக்கிற பஞ்சாயத்துக் குழாய்க்குப் போகிற நேரம். பாவாடை தாவணியை இடுப்பில் ஏற்றிச் செருகியிருந்தாள். குடம் வைத்து வைத்து இடுப்பு ஒரு பக்கம் காய்த்துக் கறுத்திருந்தது. ஒரு காலத்தில் தன் இடுப்பில் இருந்த பிள்ளை. மூன்று வருஷமாக அவள் இந்த வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தாள். வசந்தாமணி அவள் முகத்தை மட்டும் பார்த்து, புள்ள எளச்சுப் போச்சே, கோபம் தீரட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உடும்மா" என்றாள் சௌந்திரம் தாயிடம். வசந்தாமணியைப் பார்த்து, "பொட்டி கனமா இருக்குமே சின்னம்மா. நான் வேணா வந்து வெச்சிட்டுப் போகட்டுங்களா?"

"வேண்டாஞ் சாமி" என்றாள் வசந்தாமணி. வைது அனுப்பியிருந்தால் திருப்பி வைதுவிட்டு வந்திருப்பாள். பொட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். போகும்போது இல்லாத கனம் வரும்போது இருந்தது.

தங்கசாமி சவரம் பண்ணிய முகத்தோடு வாசலில் நின்றார். "பொட்டியக் காணமேன்னு ஊரெல்லாம் தேடறேன், நீ தலையில வெச்சுக்கிட்டு வார. எங்க போயிருந்த?"

அவரைக் காறித் துப்புகிற மாதிரி ஒரு பதில் எப்போதும் அவள் நாக்கு நுனியில் இருக்கும். இன்று இல்லை. அவரைத் துப்பினால் அது தன் முகத்திலும்தான் விழும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவர் பூமியைத் துளைத்தார், தண்ணீரைப் பாய்ச்சியது அவள். இவருக்காவது நாலு பொட்டி கட்டிக்கொண்டு ஊருக்கே தெரிகிற மாதிரி அயோக்கியனாக இருக்கத் தெரிந்தது. அவள் அந்த அயோக்கியத்தனத்தையே சத்தமில்லாமல் செய்திருந்தாள்.

"சங்ககிரிக்குச் சொல்லியுடுங்க" என்றாள். "ராமாயி மவளே வரட்டும்."

"நாந்தான் அப்பவே சொன்னனே." அவருக்கு வாயெல்லாம் பல். எதற்காக மனைவி மாறினாள் என்று கேட்கத் தோன்றவில்லை. பொட்டியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய், பழையபடி வடக்கே பார்த்துக் கட்டினார். அவள் தடுக்கவில்லை. இறங்கி வந்து கேசட்டைப் போட்டு ஏழில் வைத்தார்.

மும்முனைக் கரண்ட்டு வருகிற நேரம். வசந்தாமணி மோட்டார் ரூமைத் திறந்து போரைப் போட்டாள். தண்ணீர் குழாய்க்கு அடங்காமல் வந்து வாய்க்காலில் விழுந்தது. கரும்புக்கு மடையைத் திருப்பிவிட்டு மம்மட்டியோடு நின்றாள். பாட்டுக்கு நடுவே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குடத்தோடு குடம் இடிக்கிற சத்தம் வந்தது. எடுத்துவைக்கிற ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு இடி. அவள் இன்னொரு பாத்திக்கு நகர்ந்தாள். அங்கேயும் கேட்டது.

"ஏனுங்க" என்று வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சத்தம் பத்தலைங்க. இன்னுங் கொஞ்சம் வையுங்க."

தங்கசாமி சந்தோஷமாகத் திருகினார். அவள் மடை வாயில் குனிந்து நின்றுகொண்டாள். பாட்டு எங்கேயும் நிற்கவில்லை.